மூடாமல் விட்ட சிடி

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் சற்றே திரும்பிக்கொள்ளுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும். இது சிடி படிக்காத ஒரு கம்ப்யூட்டரின் கதை. ஒரு அம்மா அதைச் சரி செய்ய உட்கார்ந்தாள். சரியும் செய்துவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது தூசிதான்.

விடுமுறை நாள், மத்தியானம், விடாத மழை. மறுநாள் காலை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவள் கணவனுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. ஆபீஸ் வண்டியையே கேட்டு வாங்கி, முக்கால்வாசி சாமானைப் புது வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். காலியான வீட்டுக்கென்று ஒரு சத்தம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இங்கே தும்மினால் பக்கத்து அறையில் வேறு யாரோ தும்முகிற மாதிரி இருக்கும். அந்த வீட்டில், மகளுடைய அறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜைக்கு முன்னால் அவள் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒருதரம் சிடியைப் போட்டுப் பார்த்திருந்தாள். டிரைவ் சுழன்றது, முனகியது, டிக், டிக், டிக் என்று மூன்று முறை தட்டியது, ஓய்ந்துவிட்டது. சரி, லென்ஸில் அழுக்காக இருக்கும் என்று டிரைவைக் கழற்றி, மூடியின் நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, உள்ளே பயறு அளவில் இருந்த லென்ஸை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

பஞ்சு கறுப்பாக வந்தது.

அவள் இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். தூசி என்றால் அவளுக்குத் தெரியும். வீட்டுத் தூசி சாம்பல் நிறமாக இருக்கும், விரலில் நெருடும். இது வழுக்கியது. மினுங்கியது. கட்டைவிரலால் தேய்த்தபோது ரேகைக்குள் ஏறி நின்றது. முகர்ந்து பார்த்தாள். புதிதாகச் சீவிய பென்சில் வாசனை.

"இதுக்குள்ள எப்படி?" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்து அறையும் அதையே கேட்டது.

அந்த சிடியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு ஒரே பெண். வருடா வருடம் பிறந்தநாளன்று குழந்தையை இந்த அறையின் நிலைக்காலில் சாய்த்து நிறுத்துவாள். கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபிரேம் கேட்லாக் ஒன்று வீட்டில் இருந்தது. மூலைகளில் தகடு அடித்த கனத்த அட்டைப் புத்தகம். அதைக் குழந்தையின் தலைமேல் சமமாக வைத்து, "நேரா நில்லு, அசையாதே" என்று சொல்லி, பென்சிலால் ஒரு கோடு போடுவாள். கணவன் மைக்கைப் பிடிப்பான். குழந்தை வயதைச் சொல்லும், "அளந்தாச்சு! அடுத்த வருஷம் இன்னும் பெரிசா வருவேன்!" என்று கத்தும். அந்த வருடத்துக் குரலை அதே சிடியில் சேர்த்து எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்ததும் திரை ஒரு கேள்வி கேட்கும்: சிடியை மூடிவிடவா? மூடினால் இனி எதையும் சேர்க்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்துவாள். அடுத்த வருடம் வேண்டுமே!

ஏழாவது பிறந்தநாளுக்கும் 'வேண்டாம்' என்றுதான் அழுத்தினாள். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். நாலே நாள்.

அதற்குப் பிறகு இரவு பகல் பார்க்காமல் அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கணவன் பயந்துபோனான். "போதும்மா. சிடியை மூடி எடுத்து வச்சிடு" என்றான். எடுத்து வைத்தாள், குழந்தையின் கம்பளிக் குல்லாவுக்குள். மூட மட்டும் கை வரவில்லை. மூடிவிட்டால் எட்டு இல்லை என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? இனி இந்த வீட்டில் அதைப் போடமாட்டேன் என்று கணவனுக்கு வாக்குக் கொடுத்தாள். பதினோரு வருடம் காப்பாற்றினாள்.

போன மாதம் கடைக்கு ஒரு சின்னப் பெண் வந்தது. முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஐ, இலையெல்லாம் தனித்தனியாத் தெரியுது!" என்றது. இவள் தன் மகளின் குரலை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. முகம் வந்தது, முன்பல் விழுந்த இடைவெளி வந்தது, குரல் வரவில்லை. அன்று முழுக்க லென்ஸ் தீட்டிக்கொண்டே தேடினாள். காதுக்குள் வெறும் இயந்திரச் சத்தம்தான் இருந்தது.

கடைப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பையன் ஒருவன் இருந்தான்; எல்லாருக்கும் அவன் 'டாக்டர்'. சிடியை அவனிடம் கொடுத்தாள். தன்னிடமிருந்த அத்தனை டிரைவிலும் போட்டுப் பார்த்துவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான். "எல்லாம் காலி சிடின்னே காட்டுதுக்கா. மூடாம விட்டிருக்கீங்க. மூடாத சிடியை, எந்த டிரைவ் எழுதிச்சோ அதுதான் படிக்கும். அது இருக்கா இன்னும்?"

இருந்தது. வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. மறுநாள் காலை பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. இந்த ஒரு மத்தியானம் விட்டால் அவளுக்கு வேறு மத்தியானம் இல்லை.

லென்ஸைத் துடைத்து, மூடியைப் பொருத்தி, டிரைவை அதன் இடத்தில் செருகிச் சிடியை வைத்தாள். தட்டு உள்ளே போனது. சுழற்சி, முனகல், டிக், டிக், டிக். ஓய்ந்தது. கேபிளை மாற்றிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அதே மூன்று தட்டல். 'டாக்டர்' எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, டிரைவின் பெயரையே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, மறுபடி கிளப்பித் தட்டைத் தள்ளினாள். டிக், டிக், டிக். சோதனைக்காக ஒரு பாட்டு சிடியை வைத்தாள். குழந்தை வாயில் வைத்த கசப்பு மருந்தைத் துப்புகிற மாதிரி, தட்டு தானாகவே திறந்து அதை வெளியே தள்ளியது. இன்னொரு பாட்டு சிடி. அதையும் தள்ளியது. மகளின் சிடிக்கு மட்டும்தான் அதுவரை தட்டு மெதுவாக, ஆசையாக உள்ளே போயிருந்தது.

கீபோர்டின் மேல் கறுப்பாக ஏதோ தூவியிருந்தது. புறங்கையால் துடைத்துவிட்டாள்.

மேஜைமேல் வைத்திருந்த அந்தச் சிடியில்தான் கீறலோ என்னவோ என்று கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கடை லென்ஸைக் கண்ணில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சிடியைச் சாய்த்துப் பார்த்தாள். எழுதின சிடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; எழுதிய பகுதி சற்று இருண்டிருக்கும், எழுதாத பகுதி வெளுத்திருக்கும். இதில் ஒரு வருடத்துக்கு ஒரு வளையம், மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி. போன வாரம் கடையில் இதே லென்ஸால் எண்ணியிருந்தாள். ஏழு.

இப்போது எண்ணினாள். பதினொன்று.

இன்னொரு தடவை எண்ணினாள். கண் கலங்கியிருக்கும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு எண்ணினாள். பதினொன்று. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லென்ஸைக்கூட அவள் தப்பாக அளந்ததில்லை.

சிடியைத் திரும்ப வைத்துத் தட்டைத் தள்ளிவிட்டு 'டாக்டரை'க் கூப்பிட்டாள்.

"இன்னுமா அதோட மல்லுக்கட்டறீங்க?" என்று சிரித்தான் அவன். "அது என் மாமனார் மாதிரிக்கா. சத்தம் மட்டும்தான் வரும், காரியம் நடக்காது."

"தம்பி, விளையாடாதே. சுத்துது, ஆனா படிக்கலை. வேற என்னதான் பண்றது?"

"முன்னாடி சின்ன லைட் இருக்கும் பாருங்க. எப்படி எரியுது? விட்டு விட்டா?"

"நிலையா எரியுது. ஆரஞ்சு."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பு நின்றது. "பச்சையான்னு சரியா பாருங்க."

"எனக்கா நிறம் தெரியாது? ஆரஞ்சுப்பா."

"அக்கா, படிக்கும்போது பச்சைதான் எரியும். ஆரஞ்சுன்னா எழுதுதுன்னு அர்த்தம். நீங்க எதையாவது எழுதச் சொன்னீங்களா?"

"இல்லையே."

"அப்ப லைட்டும் போச்சு போல. விடுங்கக்கா. உங்களுக்கு வேணும்னா…" என்று இழுத்தவன், "அங்க யாரு மூச்சு வாங்கறது? நீங்களா?" என்றான்.

மழைச் சத்தம் என்று சொல்லிப் போனை வைத்தாள். மேஜைமேல் பழைய மைக் தலை சாய்த்து நின்றது. அதன் பஞ்சு உறையில் குழந்தை கடித்த பல் தடம் இன்னும் இருந்தது. அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. கை போகவில்லை.

போன் மறுபடி அடித்தது. கணவன்.

"என்னம்மா பண்ற? சாப்பிட்டியா?"

"பாத்திரம் கட்டறேங்க."

"இங்க ஒரே சேறு. வண்டி சிக்கிடுச்சு, வர இருட்டிடும்." பிறகு சொன்னான்: "அந்தக் கேட்லாக் புக்கு இருக்குல்ல, பாப்பா தலைமேல வைப்பியே, அதைக் காலையில முதல் லோடுலயே பத்திரமா கொண்டாந்துட்டேன். சொல்ல மறந்துட்டேன். நிலைக்கால்ல இருக்கற கோட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துடு. ஏழும் வர்ற மாதிரி. நாளைக்கு பெயின்ட் அடிச்சுடுவாங்க."

"எடுக்கறேன்."

"இப்பவே எடு. வெளிச்சம் போயிடும்."

"எடுக்கறேங்க" என்றாள். எடுக்கவில்லை. நிலைக்கால் முதுகுக்குப் பின்னால், நாலு எட்டில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த ஏழு கோடும் நெஞ்சுக்குமேல் எழாமல் நிற்கும். அதைப் பார்க்கிற தெம்பு அப்போது அவளுக்கு இல்லை. முதலில் குரல், பிறகு கோடு என்று மனசுக்குள் பேசி வைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு தப்பைத்தான் அவள் செய்திருக்கக் கூடாது. திரும்பிப் பார்த்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பாள்.

தட்டைத் திறந்தாள், தள்ளினாள். படிக்கவில்லை. திறந்தாள், தள்ளினாள். டிக், டிக், டிக். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. "படிச்சுடு கண்ணு, ஒரே ஒரு தடவை" என்று இயந்திரத்திடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். திறந்தாள், தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று தட்டலுக்குப் பிறகு, முன்பு இல்லாத இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிய உரசல். மரத்தில் எதையோ இழுக்கிற மாதிரி. அதுவும் டிரைவுக்குள்ளேதான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கீபோர்டில் கறுப்புத் தூள் விழுந்தது. துடைத்தாள். மறுபடி விழுந்தது. துடைத்தாள். தலைமயிரில்கூட விழுந்திருந்தது.

ஆறாவது தடவைக்குப் பிறகு கையை மடியில் போட்டுவிட்டாள். காலையிலிருந்து மொத்தம் பதினோரு தடவை. இனி முடியாது.

தட்டு தானாகத் திறந்தது. ஒரு கணம் நின்றது. தானாக உள்ளே போனது.

பச்சை விளக்கு.

திரையில் வரிசை விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கண் ஏழில் நிற்கப் பார்த்தது. வரிசை நிற்கவில்லை. பதினெட்டு.

பாப்பா இருந்திருந்தால் பதினெட்டு.

முதலாவதை அழுத்தினாள். "ங்கா" என்றது குழந்தை. பின்னால் கணவன் சிரித்தான், அவன் அப்படிச் சிரித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு. மூன்று, விக்கலோடு. நாலு, ஐந்து, ஆறு. ஏழில் அந்தக் குரல் முழுசாக வந்தது. லேசாகக் கரகரத்து, பல் விழுந்த சந்தில் காற்று ஓடி, "ஏழு! அளந்தாச்சு! அடுத்த வருஷம் இன்னும் பெரிசா வருவேன்!" அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இதுதான். இதைத்தான் தொலைத்திருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எந்த அம்மாவால் முடியும், சொல்லுங்கள்?

எட்டை அழுத்தினாள்.

மழை. காலி அறையின் எதிரொலி. மரத்தில் பென்சில் உரசியது.

"எட்டு. அம்மா அளக்கலை. நானே அளந்துகிட்டேன்."

ஒன்பது. "அம்மா திரும்பிப் பார்க்கலை."

பத்து. "பத்து." அவ்வளவுதான்.

அதே குரல். அதே பல் சந்து. ஒரு இழைகூட மாறவில்லை. ஏழு வயதுக் குரல், பதினொன்று என்று சொன்னது. வளர்ந்தது குரல் இல்லை. குரல் வருகிற உயரம்.

பன்னிரண்டு. தூரத்தில் ஒரு பெண் பேசினாள். "நிலையா எரியுது. ஆரஞ்சு."

அவளுடைய குரல். இன்று மத்தியானம் அவள் பேசியது. மைக் மேஜைமேல் இருந்தது, வாய்க்கு ஒரு சாண் தள்ளி. பதிவிலோ அவள் குரல் கீழேயிருந்து வந்தது. மிகவும் கீழேயிருந்து. யாரோ மாடியில் நின்று கேட்கிற மாதிரி.

பதின்மூன்று, உரசல். பதினான்கு, உரசல். பதினைந்தில் வார்த்தை இல்லை. மூச்சு மட்டும். நீளமான மூச்சு. இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தையின் நெஞ்சுக்குள் அத்தனை காற்றுக்கு இடம் ஏது?

பதினாறு. பதினேழு. அவள் அழுத்தவில்லை. தானாக ஓடியது.

பதினெட்டு. "படிச்சுடு கண்ணு, ஒரே ஒரு தடவை" என்று அவளே கெஞ்சினாள், கீழேயிருந்து. அதற்கு மேலே, மிக அருகில், ஏழு வயதுக் குரல் ரகசியமாகச் சொன்னது:

"அளந்தாச்சு. இப்ப அம்மா."

திரை கேட்டது. சிடியை மூடிவிடவா? மூடினால் இனி எதையும் சேர்க்க முடியாது.

அவள் கை மடியில் இருந்தது. அம்புக்குறி நகர்ந்தது. மெதுவாக. 'வேண்டாம்' என்பதன் மேல் போய் நின்றது. பதினோரு வருடத்துக்கு முன் அவள் அழுத்திய அதே இடம்.

க்ளிக்.

விளக்கு ஆரஞ்சுக்கு மாறியது.

புறங்கையில் கறுப்புத் தூள் விழுந்தது. இந்தத் தடவை பார்த்துவிட்டாள். மேலிருந்து விழுந்தது.

எழுந்தாள். திரும்பினாள்.

நிலைக்காலில் ஏழு கோடு. அவள் கை போட்ட கோடு, நெஞ்சுக்குமேல் எழாமல். அதற்கு ஒரு முழம் மேலே எட்டாவது. அதற்கு மேலே ஒன்பது. அதற்கு மேல் பத்து, நிலையின் மேல்கட்டையில். பதினொன்று, கதவுக்கு மேலே வெறும் சுவரில். பன்னிரண்டு, சுவரும் கூரையும் சேருகிற மூலையில். அங்கே வளர்த்தி நிற்கவில்லை. வளைந்திருந்தது. பதின்மூன்று கூரையில். பதினான்கு. பதினைந்து. வெள்ளைக் கூரையில் கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீண்ட இடைவெளி விட்டு, அவள் நாற்காலியை நோக்கி. பதினாறு. பதினேழு.

பதினெட்டாவதைப் பார்க்க அவள் அண்ணாந்தாக வேண்டும்.

அண்ணாக்கவில்லை. அண்ணாக்க முடியவில்லை. உச்சந்தலையில் ஏதோ வந்து அமர்ந்தது. தட்டையாக. கனமாக. சமமாக. தகடு அடித்த மூலை காது மடலைத் தொட்டது, சில்லென்று. காலையில் முதல் லோடிலேயே போய்விட்ட புத்தகம்.

"நேரா நில்லும்மா."

மேலேயிருந்து. மூச்சு அவள் வகிட்டில் பட்டது.

"அசையாதே."

அவள் அசையவில்லை. பின்னந்தலையை ஒட்டி, நிலைக்காலோ மரமோ எதுவுமே இல்லாத வெறும் காற்றில், பென்சில் மரத்தில் உரசுகிற சத்தம் மெல்ல எழுந்தது.

அவ்வளவுதான் கண்ணுங்களா. கையை விடலாம். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர்கள் பதில் சொல்வதைக் காது நிறையக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நிலைக்காலில் வருடத்துக்கு ஒரு கோடு தவறாமல் ஏறட்டும். ஏறுகிற ஒவ்வொரு கோடும் உங்கள் கை போட்டதாகவே இருக்கட்டும்.